படிகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்

வெல்டா கிட்டன்ஸ் மீன் சந்தையிலிருந்து திரும்பியபோது அவளுடைய வராந்தாவில் ஒரு வெள்ளைக்காரர் மண்டியிட்டு, அளவு நாடாவை இழுத்து அவளுடைய ஜன்னலை அளந்துகொண்டிருந்தார். அவர் மனைவி மூன்றாவது படியில் நின்றபடி ஒரு நோட்டில் எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். வெல்டாவின் கைகளில் முழங்கை வரை செதில் ஒட்டியிருந்தது. விடியற்காலையிலிருந்து நானூறு கோலா மீனுக்கு முள் எடுத்துவிட்டு வந்திருந்தாள். முதுகு விட்டுப்போயிருந்தது, வயிறு காய்ந்திருந்தது. முள் எடுக்கும் கத்தி பைக்குள் சுருட்டி வைத்திருந்ததால் அந்த மனிதர் பிழைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"உள்ளே!" என்று குரல் கொடுக்காமல் பார்படோஸில் யாரும் யார் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை. சாவுச் செய்தி கொண்டு வருபவன்கூட வாசலில் நின்று "உள்ளே!" என்று கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பான். வீட்டுக்காரி கண்ணெதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாலும் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். கூப்பிடாமல் வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் திருடன், இன்னொருவன் புயல்.

"என்ன காணாமப்போச்சு, தேடுறீங்க?" என்றாள் வெல்டா.

அவர் திடுக்கிட்டு எழுந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "நீங்கதானே வெல்டா! ஜில், இங்க பாரு, போட்டோல சிரிச்சுக்கிட்டு இருந்தவங்க!" அவர் பெயர் மார்ட்டினாம். இங்கிலாந்தின் வடக்கே ஏதோ ஓர் ஊராம். "இதை வாங்கினது நாங்கதான்" என்றார்.

"எதை?"

"இதைத்தான்" என்று கையை வட்டமாக வீசினார். அந்த வட்டத்துக்குள் சீமைப்பலா மரம், கோழிக்கூடு, மஞ்சள் வீடு, கொடியில் காய்ந்த அவளுடைய உள்பாவாடை, பின்னால் கடல் எல்லாமே வந்தன.

நிலம் விற்கப்போகிறார்கள் என்பது வெல்டாவுக்குத் தெரியாத விஷயமல்ல. அம்மா காலத்திலிருந்து நிலம் மட்டும்தான் வாடகை, மேலே நிற்கும் வீடு சொந்தம். நிலத்துக்காரி போன வருஷம் கண்ணை மூடினாள். டொரொன்டோவிலிருக்கும் அவள் தம்பி மகன் தீவை நான்கு முறை பார்த்திருந்தால் அதிகம். அவன் விற்காமல் வேறென்ன செய்வான்? ஆனால் விற்றது நிலத்தை. அவளுடைய ஜன்னலை இந்த மனிதர் ஏன் அளக்கிறார் என்பதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

அந்தம்மாள்தான் விளக்கினாள். மெல்லிய குரல், சிவந்த கண்கள். "எங்க ஊர்ல ஆறு மாசம் இருட்டு. பக்கத்து வீட்டுக்காரர் பேரு பன்னெண்டு வருஷமா எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மழை கொட்டிக்கிட்டு இருக்கு, கம்ப்யூட்டர்ல இந்தப் படம் வந்துச்சு. மஞ்சள் வீடு, மரம், படியில உட்கார்ந்து ஒரு அம்மா வாய் விட்டுச் சிரிக்கிறாங்க. நான் அழுதுட்டேன். இப்படி ஒரு இடத்துல வாழாம செத்துப்போயிடக் கூடாதுன்னு இவர்கிட்ட சொன்னேன்."

ஒரு நிமிஷம் வெல்டாவுக்கு அவள்மேல் இரக்கம்கூட வந்தது. பன்னிரண்டு வருஷம் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாமல் இருப்பது என்ன பிழைப்பு? ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மார்ட்டின் பேச ஆரம்பித்தார்.

"முதல் வேலையா பின்சுவரை எடுத்துட்டு முழுசாக் கண்ணாடி போடணும். பாருங்க, இவ்வளவு அழகான கடலை வெச்சுக்கிட்டு அதுக்கு முதுகைக் காட்டிக் கட்டியிருக்காங்க! ரோட்டைப் பார்த்துக்கிட்டு!" அவர் சிரித்தார். "நீங்க கவலைப்படாதீங்க வெல்டா. உங்களை நாங்க அனுப்ப மாட்டோம். மூலையில உங்களுக்கு ஒரு ரூம் கட்டித் தர்றோம். காலையில வழக்கம்போல இந்தப் படியில வந்து உட்காருங்க. மீன் வறுங்க. எங்க விருந்தாளிங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"என் படியில உட்கார எனக்கே வேலை போட்டுத் தர்றீங்களா?"

"வேலைன்னு இல்ல... சும்மா, நீங்க நீங்களா இருந்தாப் போதும்."

வெல்டா தண்ணீர் கொடுக்கவில்லை. கடலைப் பார்த்து எதற்கு வீடு கட்டுவார்கள்? கடல் குளிக்க, மீன் பிடிக்க. அது யாரையாவது பார்த்து 'என்ன, கால் வலி தேவலையா?' என்று கேட்கப்போகிறதா? மனிதர்கள் போவதும் வருவதும் ரோட்டில்தான். இதையெல்லாம் இவரிடம் சொல்லி வாயை வலிக்க வைத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை என்று கதவைத் தாழிட்டுக்கொண்டாள். வெளியே நாடா சுருளும் சத்தம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

மூன்றாம் நாள் அவர்களுடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மார்ச் முப்பத்தொன்றுக்குள் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு நிலத்தின்மீது எஞ்சியிருக்கும் எதுவும் நிலத்தோடு சேர்ந்ததாகக் கருதப்படும். வெல்டா அந்த இரண்டாவது வரியை மூன்று முறை படித்தாள். வீட்டைத்தான் சொல்கிறார்கள். கையில் ஐந்து வாரம்தான் இருந்தது.

சாயங்காலம் மகள் செரெல் வந்தாள். நிலம் வீடு விற்கும் ஆபீஸில் வேலை, குதிகால் செருப்பு, கழுத்தில் அட்டை. அந்தப் போட்டோவை எடுத்த புண்ணியவதியும் அவள்தான். கிறிஸ்துமஸ் அன்று ஏதோ சொல்லி அம்மாவைச் சிரிக்க வைத்து எடுத்தாள். ஆபீஸின் இணையப் பக்கத்தில் ஆசையாகப் போட்டாள். முதலாளி அதையே தூக்கி நில விளம்பரத்தில் ஒட்டிவிட்டார். வெளிநாட்டுக்காரர்களுக்கு வீடு நிலத்தோடு வராது என்பது எங்கே தெரியும்? முதலாளிக்குத் தெரியும், ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

"அம்மா, கோபப்படாமக் கேளு" என்றாள் செரெல். "அவங்க வீட்டுக்கும் தனியா விலை தர்றேங்கிறாங்க. அந்தப் பணத்துல கடலோரத்தை விட்டு உள்ளே தள்ளி நல்ல கல்லு வீடே கட்டிடலாம். எழுபது வருஷத்துப் பலகை. போன புயல்ல நீ பைபிளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு கட்டிலுக்கடியில படுத்திருந்தே, மறந்துபோச்சா?"

"கட்டிலுக்கடியில படுத்தேன். வீடு நின்னுச்சா இல்லையா?"

"நின்னுச்சு..."

"அப்புறம் என்ன?"

"உனக்கு எல்லாத்துலயும் பிடிவாதம்மா!"

"பிடிவாதம்தான்டி. ஒங்க பாட்டனுக்குப் பாட்டன் கரும்புத் தோட்டத்துல வெட்டினான். குடிசை அவன் கையால கட்டினது, நிலம் தோட்டக்காரனுது. முறைச்சு ஒரு வார்த்தை பேசினா அன்னிக்கே வெளியே போடா. அதுக்குத்தான் வீட்டை மண்ணுல புதைக்காம, வெறும் கல்லு மேல தூக்கி வெச்சான். நாலு பக்கம் நாலு சுவர், கழட்டினா கழண்டுக்கும். துரத்துறியா, இந்தா, என் வீட்டையும் தூக்கிக்கிட்டுப் போறேன்னு. அதே மாதிரி கட்டின இந்த வீட்டை எங்கம்மா ரெண்டு தடவை கழட்டிக்கிட்டு வந்துதான் இங்க நிறுத்தினா. அவ தூக்கினதை நான் கண்ணாடி போட்டுக்கன்னு குடுத்துட்டு, மூலையில உட்கார்ந்து இளிக்கணுமா?"

செரெல் கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். "தூக்கிக்கிட்டு எங்கம்மா போவே?" என்று மட்டும் கேட்டாள்.

அதுதான் கேள்வி. பலகை வீட்டைக் கழற்ற ஒரு காலைப் பொழுது போதும். இறக்க இடம்? கடலோரத்தில் ஒரு கோழி நிற்கும் இடம்கூட இன்று வெளிநாட்டுக்காரர் விலைக்குப் போகிறது. மூன்று வாரம் தேடினாள். மலைப்பக்கத்தில் அத்தை மகன் ஒருவன் இடம் தருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாங்கினான். தேவாலயத்து நிலத்தைக் கேட்டாள். கமிட்டி கூடி, ஜெபித்து, முடிவெடுக்கும் என்றார்கள். கமிட்டி கூடுவதற்குள் மார்ச் முடிந்துவிடும். கடைசியில் அவள் கண்ணில் பட்டது, அவள் வராந்தாவிலிருந்து தினமும் பார்த்துக்கொண்டிருந்த இடம். ரோட்டுக்கு எதிர்ப்புறம், இயர்வுட்டின் ரம் கடைக்குப் பக்கத்தில், ஒரு செத்த காரும் இரண்டு ஆடுகளும் நிற்கும் காலி மனை.

இயர்வுட்டிடம் அவள் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது. புனித வெள்ளியன்று கடை வாசலில் மேசை போட்டு டாமினோ ஆட்டக் கட்டைகளை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டு, பாட்டையும் அலற விட்டிருந்தார். வெல்டா போலீஸுக்குப் போன் பண்ணினாள். பாட்டுப் பெட்டி ஸ்டேஷனுக்குப் போயிற்று. அதன் பிறகு அவர் இவளைப் பார்த்தால் காறித் துப்புவார், இவள் அவரைப் பார்த்தால் பைபிளிலிருந்து சங்கீதம் சொல்லுவாள். அந்தக் கடைக்குத்தான் போக வேண்டும். கோயிலுக்குப் போடும் தொப்பியை மாட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்தாள்.

கடைக்குள் நுழைய யாரும் குரல் கொடுக்க வேண்டியதில்லை. ஆனாலும் வாசலில் நின்று, "உள்ளே!" என்றாள்.

டாமினோ மேசையைச் சுற்றியிருந்த நான்கு பேரில் மூவர் நிமிர்ந்தார்கள். இயர்வுட் நிமிரவில்லை. ஒரு கட்டையை அடித்தார். எதிராளி அடித்தான். இன்னொன்றை அடித்தார். வெல்டா வெயிலில் நின்றாள். காது மடல் சுட்டது. திரும்பிப் போய்விடலாமா என்று கால் கேட்டது, போகக்கூடாது என்று தலை சொன்னது.

"யாரு அது?" என்றார் கடைசியில், முகத்தைப் பார்க்காமல்.

"யாருன்னு உனக்குத் தெரியும்."

"போலீஸ் வந்திருக்கோன்னு பார்த்தேன்."

மேசையில் சிரிப்பு. வெல்டா சிரிப்பு அடங்கும் வரை பொறுத்தாள். "உன் காலி மனை வேணும். வீட்டை நிறுத்த. வாடகை குடுக்கிறேன்."

அப்போதுதான் இயர்வுட் அவளைப் பார்த்தார். பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் மஞ்சள் வீட்டைப் பார்த்தார். அதன் முன்னால் மார்ட்டின் ஒரு கட்டடக்காரனோடு நின்று கையை வீசிப் பேசிக்கொண்டிருந்தார். "தர்றேன்னு வெச்சுக்க. டாமினோ சத்தத்துக்கு என்ன பண்ணுவே?"

"புனித வெள்ளியில அடிச்சா மறுபடியும் போன் பண்ணுவேன்."

"ஏம்மா, இடம் கேட்டு வந்தவ பேசுற பேச்சா இது?"

"இடத்துக்குத்தான் வாடகை. வாய்க்கு இல்ல."

இயர்வுட் வயிறு குலுங்கச் சிரித்தார். பதினோரு வருஷத்துச் சிரிப்பையும் சேர்த்து வைத்துச் சிரித்த மாதிரி இருந்தது. "ஆட்டை அவிழ்த்துக் கட்டுங்கடா" என்றார் மேசையில் இருந்தவர்களிடம். "இந்தப் பொம்பளை தூரமாப் போயிட்டா எனக்குச் சண்டை போட யாரு இருக்கா?"

ஊரமைப்பு ஆபீஸில் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. அதற்கு அலைந்தது செரெல். ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு, குதிகால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மாடி மாடியாக ஏறினாள். 'நான் எடுத்த போட்டோதானே' என்று அவள் ஒருமுறைகூட வாயால் சொல்லவில்லை. வெல்டாவும் அதை இழுக்கவில்லை.

மார்ச் இருபத்தெட்டு, சனிக்கிழமை. வெளிச்சம் வருவதற்குள் கொழுந்தன் சீபர்ட் கடப்பாறையோடு வந்துவிட்டான், தச்சன். அவனுக்குப் பின்னால் சந்தையில் இவளோடு முள் எடுக்கும் பெண்கள், டாமினோ கோஷ்டி, தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாதி. வீடு தூக்கும் அன்று யாருக்கும் கூலி கிடையாது, சாப்பாடுதான். வெல்டா ராத்திரியே துவரைச் சோறு வடித்து, ஒரு அண்டா கோலா மீன் மசாலா தடவி வைத்திருந்தாள். ரம் இயர்வுட்டின் பொறுப்பு. பத்து மணிக்கு முன்னால் மூடி திறந்தால் கையை ஒடித்துவிடுவேன் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

முதலில் கூரைத் தகடு இறங்கியது. பிறகு சீபர்ட் சுவர்களின் மூலைகளில் கரித்துண்டால் அடையாளம் போட்டான். மூலை ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றபோது வீடு முனகியது. வெல்டா இந்தச் சுவருக்குள்தான் பிறந்தாள், இந்தச் சுவருக்குள்தான் புருஷன் லைல் போனான். பலகை பிளந்துவிட்டால்? எழுபது வருஷத்துப் பைன் மரம், உப்புக் காற்று தின்ற மரம். "மெதுவா, மெதுவாடா பாவி!" என்று கத்திக்கொண்டே இருந்தாள். முதல் சுவர் ஆடிச் சரிந்து பத்துப் பேர் தோளில் இறங்கியது. முழுசாக இறங்கியது. "ஆமென்!" என்றார்கள் பாடகர் குழுவினர். டாமினோ கோஷ்டி அதைவிடக் கெட்டதாக ஏதோ சொல்லிக் கூச்சலிட்டது.

மார்ட்டினும் ஜில்லும் அப்போதுதான் வாடகைக் காரில் வந்து இறங்கினார்கள். மார்ட்டின் நடு ரோட்டில் நின்றுவிட்டார். அவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் சுவர், ஜன்னலோடும் ஜன்னல் திரையோடும், இருபது காலால் நடந்து ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் பேருந்துகள் நின்றன. ஓட்டுநர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள்.

"என்ன பண்றீங்க? நிறுத்துங்க! அது எங்க வீடு!"

"எந்த வீடு?" என்றாள் வெல்டா.

"வீட்டை எப்படித் தூக்கிக்கிட்டுப் போக முடியும்? வீடுன்னா வீடு!"

"உங்க ஊர்ல முடியாது. இங்க முடியும்."

அவர் வக்கீலுக்குப் போன் போட்டார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். சுவரைத் தூக்கியவர்கள்கூட அதைத் தோளிலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர் நிறையக் கேட்டார், கொஞ்சம் பேசினார். "எஞ்சியிருப்பதுன்னுதானே போட்டிருக்கீங்க... முப்பத்தொண்ணு... இன்னிக்கு இருபத்தெட்டா..." அவர் காது சிவந்தது. போனைப் பைக்குள் போட்டுவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார். "வெல்டா, விலை பத்தலைன்னா சொல்லியிருக்கலாமே. இன்னும் போட்டுத் தர்றேன். நீங்க கேக்கிறதைத் தர்றேன். நாங்க இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

"எதுக்காக?"

"இந்த வாழ்க்கைக்காக!"

வெல்டா கையைத் துடைத்துக்கொண்டாள். கோபம் வந்தது, ஆனால் அவள் நினைத்த அளவுக்கு வரவில்லை. "வாழ்க்கை வேணும்னா வந்து வாழுங்க. யாரு வேணாங்கிறா? நிலம் வாங்கியிருக்கீங்க, நிலம் உங்களுது. வீடு என்னுது. என் சிரிப்பும் என்னுதுதான். லைல் சிமெண்டுல போட்ட மூணு படி இருக்கு, அதைப் பேத்து எடுக்க முடியாது. படியை மட்டும் வெச்சுக்குங்க." மூன்றாவது படியின் ஓரத்தில் ஈரச் சிமெண்டில் விரலால் லைல் கீறிய இரண்டு பேர் பெயரும் இருந்தன. அவள் திரும்பிக்கொண்டு, "சுவரைப் பிடிச்சுக்கிட்டுக் கூத்தா பாக்குறீங்க? நடங்கடா!" என்று டாமினோ கோஷ்டியை விரட்டினாள்.

ஒரு கட்டத்தில் ஜில் கைப்பையைக் காருக்குள் வைத்துவிட்டு, கடைசிச் சுவரின் ஒரு மூலையைத் தாங்க வந்தாள். சீபர்ட் வெல்டாவைப் பார்த்தான். வெல்டா பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். ரோட்டைக் கடந்து வந்தவளின் கையில் ஒரு தட்டுச் சோறும் மீனும் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுத்த மாதிரியே. பொழுது சாய்வதற்குள் கூரையின் கடைசித் தகடு ஏறிவிட்டது. ஒரு பலகை மட்டும் விரிசல் விட்டிருந்தது. படிக்குப் பதிலாக சீபர்ட் ஒரு பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டான்.

ஒரு வாரம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை காலையில் வெல்டா வராந்தாவில் உட்கார்ந்து மடியில் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வீடு வழக்கம்போல ரோட்டைப் பார்த்துத்தான் நின்றது. ஆனால் இப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு இல்லை. அந்தக் காலியிடத்துக்கு அப்பால் கடல், நீல நீலமாக, சும்மா கிடந்தது. ஐம்பத்தெட்டு வருஷத்தில் வீட்டிலிருந்தபடி அவள் கடலைப் பார்த்ததில்லை. பரவாயில்லை, பார்க்கும்படியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர்கள் அங்கே எதையாவது கட்டும் வரைக்கும் ஓசியில் பார்க்கலாம்.

அந்தக் கடலுக்கு முன்னால், எங்கும் ஏறாத மூன்று சிமெண்டுப் படிகள். அதில் மார்ட்டினும் ஜில்லும் ஆளுக்கொரு தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார்கள். தினமும் காலையில் வருகிறார்கள். வந்து உட்கார்ந்து, வெல்டாவின் வாசலில் நின்று கூப்பிடுகிறவர்களையும் சேர்த்து, இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். வெல்டாவும் பார்ப்பாள். பார்வையை அவள் முதலில் எடுத்ததில்லை.

இன்று மார்ட்டின் எழுந்தார். ஜில் அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, ஒரு பேருந்து போகட்டும் என்று நின்று, ரோட்டைக் கடந்து வந்தார். கையில் சீமைப்பலா ஒன்று, அவருடைய மரத்தில் காய்த்தது. நேராக வந்து பீர் பெட்டியின்மேல் காலைத் தூக்கி வைத்தார். வெல்டா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள்.

கால் இறங்கியது. அவர் ஓர் அடி பின்னால் போனார், பிறகு இன்னோர் அடி, ரோட்டு ஓரம் வரைக்கும். அவளுக்கும் அவருக்கும் நடுவில் நான்கு கெஜம் இருக்கும். பக்கத்தில் டாமினோ சத்தம் நின்றுபோனது. அவர் திரும்பி ஒருமுறை மனைவியைப் பார்த்துக்கொண்டார், தொண்டையைச் செருமினார்.

"உள்ளே!" என்றார். குரல் பாதியில் கீச்சிட்டுப் போயிற்று.

வெல்டா ஒரு காயை எடுத்து, நுனியைக் கிள்ளி, பிளந்து, நான்கு பருப்பையும் கட்டைவிரலால் கிண்ணத்தில் தள்ளினாள். இன்னொன்றை எடுத்தாள். மடியில் இன்னும் பத்துப் பதினைந்து காய்கள் மிச்சமிருந்தன. அவர் சீமைப்பலாவை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெயிலில் நின்றார்.